கரண்ட் போய் வந்தால் பேசும் டிவி: ரங்கூனில் ஒரு சத்தப் பழுது

தாம்வேயில் ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடி. சுவரில் மாட்டிய 32 அங்குல எல்இடி டிவி. படத்தில் ஒரு குறையும் இல்லை, சத்தம் மட்டும் வரவில்லை. எனக்கு முன்பே இரண்டு கடைகள் பார்த்துவிட்டன. ஒரு கடையில் இரண்டு ஸ்பீக்கரையும் மாற்றினார்கள். இன்னொரு கடையில் போர்டையே மாற்ற வேண்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு இடத்திலும் டிவியை மேசையில் வைத்துப் போட்டபோது சத்தம் நன்றாகவே வந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டி, மறுநாள் காலையில் போட்டால் மறுபடியும் இல்லை.

புகாரை அந்த வீட்டு அம்மா சொன்னபடியே எழுதுகிறேன், விடையில் பாதி அதிலேயே இருந்தது. “காலையில போட்டா ‘டொப்’புனு ஒரு சத்தம் வரும், அதோட சரி. அப்புறம் ராத்திரி வரைக்கும் ஊமைதான். போன மழைக்கு இவ்வளவு இல்ல தம்பி. அப்பவும் போகும், ஆனா கரண்ட் போயிட்டு வந்தா தானா பேசிடும். இந்த இன்வர்ட்டரு மாட்டுனதுல இருந்துதான் இந்தப் பாடு.”

ரங்கூனில் நான்கு மணி நேரம் கரண்ட் இருக்கும், அடுத்த நான்கு மணி நேரம் இருக்காது என்று முறை வைத்துக் கொடுத்த காலத்தில் வசதி உள்ள வீடுகளில் எல்லாம் பேட்டரியும் இன்வர்ட்டரும் வந்துவிட்டன. இந்த வீட்டிலும் அப்படித்தான். கரண்ட் போனாலும் டிவி, விசிறி, விளக்கு எதுவும் நிற்காது. அதனால் வீட்டில் எல்லோருக்கும் இன்வர்ட்டர் மேல்தான் சந்தேகம். மகன் ஒரு சோதனையும் செய்து பார்த்திருந்தார். டிவி ப்ளக்கை இன்வர்ட்டர் வழி வரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி, நேர் கரண்டு சாக்கெட்டில் போட்டிருக்கிறார். சத்தம் வந்துவிட்டது. “பாத்தீங்களாண்ணே, இன்வர்ட்டர்தான்” என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் மாறியிருந்தன. சாக்கெட் மாறியது, கூடவே டிவிக்கு ஒரு தடவை கரண்ட் முழுதாக நின்று வந்தது. எது காரணம் என்று பிரித்துப் பார்க்க, அன்று நண்பகல் வாக்கில் டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்டாண்ட்பை விளக்கு முழுதாக அணையும்வரை விட்டு, அதே இன்வர்ட்டர் சாக்கெட்டில் திருப்பிப் போட்டேன். சத்தம் வந்தது. ஆக, சத்தத்தை நிறுத்தியது இன்வர்ட்டர் இல்லை. முன்பெல்லாம் கரண்ட் போய் வரும்போது தானாகச் சரியாகிக்கொண்டிருந்த ஒன்று, இன்வர்ட்டர் வந்தபின் சரியாக வழியில்லாமல் போயிற்று. கடைகளில் சத்தம் வந்ததற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. டிவியைக் கடைக்குத் தூக்கிப்போக ப்ளக்கைப் பிடுங்கித்தானே ஆக வேண்டும்?

மட்டமான இன்வர்ட்டரின் சதுர அலையால் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று இரைச்சல் ஏறுவது உண்டு. சத்தத்தை அடியோடு நிறுத்துவது அதன் குணம் இல்லை.

வீட்டுப் பெரியவர் வேறு ஒரு யோசனை சொன்னார்: “மெனுவுல சவுண்டு சிஸ்டம் மாறியிருக்கும், அதைப் பாரு.” அந்தக் காலத்து அனுபவத்தில் அது சரியான பேச்சு. பர்மாவில் 1980-இல் டிவி வந்தபோது என்டிஎஸ்சி என்ற ஒளிபரப்பு முறையில் வந்தது. அதில் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையே 4.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. தாய்லாந்திலும் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் பிஏஎல் முறை, இடைவெளி 5.5 மெகாஹெர்ட்ஸ். அங்கிருந்து கொண்டுவந்த பழைய செட்டை இங்கே போட்டால் படம் வண்ணமில்லாமல் தெரியும், சத்தத்துக்குப் பதில் ‘ஸ்ஸ்’ என்று இரைச்சல்தான் வரும். உள்ளே 4.5 ஃபில்ட்டர் போட்டால்தான் பேசும். எல்லா முறையும் எடுக்கும் செட்டுகள் வந்தபிறகு அந்த வேலை மெனுவுக்குள் போய்விட்டது. ஆனால் இந்த வீட்டில் ஆன்டெனாவே இல்லை. இந்திய டிஷ்ஷின் பாக்ஸிலிருந்து எச்டிஎம்ஐ வழியாகத்தான் படமும் சத்தமும் வருகின்றன. டியூனரின் சத்த முறை எதுவாக இருந்தாலும் இங்கே வித்தியாசம் இல்லை.

பாக்ஸையும் சந்தேகிக்க வேண்டியிருந்தது. பாக்ஸ் டால்பி முறையில் சத்தத்தை அனுப்பி, டிவிக்கு அதைப் பிரிக்கத் தெரியாவிட்டால் படம் வரும், சத்தம் வராது. அமைப்பில் பிசிஎம் (சுருக்காத சாதாரணச் சத்தம்) என்று மாற்றினால் தீரும் விஷயம் அது. ஆனால் அந்தக் கோளாறுக்குக் காலையா மாலையா என்பதெல்லாம் தெரியாது. எதற்கும் மறுநாள் காலை, ஊமையாக இருக்கும் வேளையில், பென் டிரைவில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்தேன். அதுவும் ஊமை. ஹெட்ஃபோனைச் செருகினால் பாட்டு தெளிவாகக் கேட்டது. எடுத்தால் ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, திரையில் ஹெட்ஃபோன் படமும் மறைந்துவிட்டது. அதாவது ஜாக்கின் உள் சுவிட்ச் ஒட்டிக்கொள்ளவில்லை, ஹெட்ஃபோன் இருப்பதாக டிவி ஏமாறவும் இல்லை. டிவியின் மூளையான மெயின் ஐசி வரை சத்தம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப் பகுதியில்தான் கோளாறு என்று உறுதியாயிற்று.

போர்டைத் திறந்த பிறகு

இனி எல்லாவற்றையும் அந்த வீட்டிலேயே, காலை வேளையிலேயே செய்வது என்று முடிவு செய்தேன். கடைக்குக் கொண்டுபோனால் கோளாறு ஓடிவிடும். டிவியை மெதுவாகக் கழற்றி, மெத்தை விரிப்பில் முகம் கீழாகப் படுக்கவைத்து, முதுகைத் திறந்தேன். இந்த வகைச் செட்டில் சப்ளை, பேக்லைட், மெயின் எல்லாம் ஒரே போர்டில் இருக்கும். ஒரு பக்கம் கரண்ட் நேராக ஏறும் பகுதி. 230 வோல்ட்டைத் திருத்தி நிரப்பும் பெரிய கெப்பாசிட்டரில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ப்ளக்கை எடுத்தபின்னும் கொஞ்ச நேரம் நிற்கும். பேக்லைட் கம்பியிலும் கை வைக்கக் கூடாது. ஓடும் நிலையில் இந்தப் போர்டில் அளக்கத் தெரியாதவர்கள் இதைச் செய்து பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன்.

சத்த ஆம்ப் இங்கே டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ 3110 வகை, 28 கால் கொண்ட சின்ன ஐசி. மலிவு விலை டிவிகளில் இதையும் இதன் சாயலில் உள்ளவற்றையும் நிறையப் பார்க்கலாம். ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளையும் இது மாறி மாறித் தள்ளி இழுத்து ஓட்டும். இரண்டில் எதுவும் எர்த் இல்லை. அதனால் ஒரு கம்பியைச் சேசிஸில் தொட்டுப் பார்க்கிற பழைய பழக்கம் இங்கே ஆகாது. நல்ல நிலையில் ஒவ்வொரு கம்பியிலும், எர்த்தோடு ஒப்பிட்டால், சப்ளையில் பாதி நிற்கும். சப்ளை 12 வோல்ட் என்றால் இரண்டிலும் ஆறு ஆறு. இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ பூஜ்யம்.

ஊமையாக இருக்கும்போது அளந்தேன். சப்ளை 12 வோல்ட் சரியாக இருந்தது. முதல் காலில், அதாவது ஆம்பைத் திறந்து மூடும் ஷட்டவுன் காலில், 3.3 வோல்ட். மெயின் ஐசி ‘பேசு’ என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் கம்பிகளில் அந்த ஆறு வோல்ட் இல்லை. இரண்டாவது கால், பழுதைச் சொல்லும் கால், பூஜ்யத்தில் கிடந்தது. ஐசி கெட்டுப்போகவில்லை. எதையோ பார்த்துத் தன்னைத்தானே பூட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த ஐசி இரண்டு காரணத்துக்காக அந்தக் காலைக் கீழே இழுக்கும். ஒன்று, வெளிவழியில், அதாவது ஸ்பீக்கருக்குப் போகும் வழியில், ஷார்ட். மற்றொன்று, ஸ்பீக்கருக்கு நேர் மின்னோட்டம் (பேட்டரியில் வருவதுபோல ஒரே திசையில் ஓடும் டிசி) போகிறது என்ற சந்தேகம். ஏதாவது ஒரு பக்கத்தின் வெளிவழி ஒரே திசையில் 14 சதவீதத்துக்கு மேல் சாய்ந்து, 420 மில்லி செகண்டுக்கு மேல் அப்படியே நின்றால் அது பூட்டிக்கொள்ளும். 12 வோல்ட் சப்ளையில் அது ஏறக்குறைய 1.7 வோல்ட். ஸ்பீக்கர் சுருள் கருகாமல் காக்கிற ஏற்பாடு இது. அந்த அம்மா சொன்ன ‘டொப்’ இதுதான். ஆம்ப் விழிக்கிறது, ஸ்பீக்கர் கூம்பு ஒரு பக்கமாகத் தள்ளப்படுகிறது, அரை செகண்டுக்குள் பூட்டு விழுந்துவிடுகிறது.

முக்கியமான விஷயம் இந்தப் பூட்டு எப்படித் திறக்கும் என்பது. ஷட்டவுன் காலை இறக்கி ஏற்றினால் நேர் மின்னோட்டப் பூட்டு திறக்காது. ஐசியின் சப்ளையே நின்று வந்தால்தான் திறக்கும். இந்தப் போர்டில் ரிமோட்டால் டிவியை அணைத்தாலும் 12 வோல்ட் நிற்பதில்லை, ஷட்டவுன் கால் மட்டும்தான் இறங்குகிறது. ஆகவே காலை ஆறு மணிக்கு விழுந்த பூட்டு, நடுவில் எத்தனை தடவை ரிமோட்டை அழுத்தினாலும் ராத்திரி வரை அப்படியே இருக்கும். முன்பு பகலில் கரண்ட் போனால் பூட்டு திறந்துகொண்டிருந்தது. இன்வர்ட்டர் அந்த வாய்ப்பை எடுத்துவிட்டது. அந்த வீட்டில் எல்லோரும் பார்த்தது உண்மைதான், காரணத்தை மட்டும் வேறு இடத்தில் தேடினார்கள்.

அடுத்தது, பூட்டு ஏன் விழுகிறது? இரண்டு ஸ்பீக்கர் கம்பிகளையும் கழற்றிவிட்டு, ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டேன். அப்போதும் பழுதுக் கால் உடனே கீழே போயிற்று. எனவே ஸ்பீக்கரிலும் கம்பியிலும் ஷார்ட் இல்லை. முன்பு ஸ்பீக்கர் மாற்றியது வீண்செலவு.

வெயில் கொஞ்சம் ஏறி, டிவி ஓடிச் சூடானபின் மறுபடியும் ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டால் சத்தம் வந்தது. இந்த நேரத்தில்தான் மீட்டருக்கு வேலை. ஸ்பீக்கரை மாட்டி, ஒலியை முழுக்கக் குறைத்து, கம்பிகளின் நடுவே நேர் மின்னழுத்தம் பார்த்தேன். இந்த ஐசி செகண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் தடவை மாறுகிறது, அதனால் மலிவு மீட்டர்கள் தடுமாறும். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றும் 0.1 மைக்ரோ கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டு வடிகட்டிவிட்டால் எண் நிலையாக நிற்கும். இடது பக்கம் சில மில்லிவோல்ட், அது சரி. வலது பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டி நின்றது. சத்தம் நன்றாக வரும்போதே வலது பக்கம் சாய்ந்திருக்கிறது. 1.7-ஐ இன்னும் தொடாததால்தான் பேசுகிறது.

இனி சந்தேகம் உள்ளே வரும் வழியில். மெயின் ஐசியிலிருந்து வரும் சத்தம், பக்கத்துக்கு இரண்டாக நான்கு பீங்கான் கெப்பாசிட்டர்கள் வழியாக ஆம்புக்குள் போகிறது. ஒவ்வொன்றும் 1 மைக்ரோ, அரிசி மணி அளவு. அவற்றின் வேலை சத்த அலையை விட்டு, நேர் மின்னோட்டத்தைத் தடுப்பது. அதில் ஒன்று லேசாக ஒழுகினால் போதும். இந்த ஐசியை 26 டெசிபல் பெருக்கத்தில் வைத்திருந்தால் உள்ளே 56 மில்லிவோல்ட் சாய்வே பூட்டு விழக் காரணமாகிவிடும்.

எது ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை, ஒரு உறிஞ்சு குழாய் போதுமானதாக இருந்தது. காலையில் வருகிறது, சூடானால் போகிறது, மழைக்கு மழை வருகிறது என்பதிலிருந்தே ஈரத்தில் வரும் கோளாறு என்று தெரிந்துவிட்டது. வாயிலிருந்து வரும் மூச்சும் ஈரம்தானே. குழாயின் ஒரு முனையை வாயில் வைத்து, மறுமுனையைக் கெப்பாசிட்டருக்கு மேல் அரை விரற்கடை உயரத்தில் பிடித்து, மெல்ல ஊதினேன். கரண்ட் ஏறும் பகுதி போர்டின் எதிர் மூலையில் இருந்ததால் இதற்குத் துணிந்தேன். இடது பக்கத்து இரண்டின் மேலும் ஊதினேன், மீட்டர் அசையவில்லை. வலது பக்கத்தில் முதலாவது, அசைவில்லை. இரண்டாவதன் மேல் ஊதியதும் எண் 0.6-லிருந்து ஏறத் தொடங்கியது. 0.9, 1.2, 1.5, பிறகு ஒரு ‘டொப்’. மீட்டர் பூஜ்யம், பழுதுக் கால் பூஜ்யம். எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் “அட, இதுவா!” என்றார். ஹேர் டிரையரால் அந்த இடத்தை லேசாகச் சூடாக்கி, ப்ளக்கைப் பிடுங்கிப் போட்டதும் மறுபடியும் பேசியது, எண் முன்பைவிடக் கீழே இறங்கியிருந்தது. ஊதினேன், போயிற்று. சந்தேகத்துக்கு இடம் வைக்காத சோதனை இது.

அந்த ஒன்று மட்டும் ஏன்

கெப்பாசிட்டரைக் கழற்றியபோது மேலே பார்வைக்கு ஒன்றும் இல்லை. புரட்டி லென்ஸில் பார்த்தால் ஒரு முனையை ஒட்டி மயிரிழை அளவு விரிசல். பீங்கான் கெப்பாசிட்டர் வெயிலையும் சூட்டையும் தாங்கும், போர்டு வளைவதைத் தாங்காது. வளைந்தால் முனையை ஒட்டி உள்ளே விரிசல் விழும். காய்ந்திருக்கும்வரை அது வேலை செய்துகொண்டே இருக்கும். விரிசலில் ஈரம் ஏறினால் உள்ளே இருக்கும் தகடுகளுக்கு இடையே ஒழுக ஆரம்பிக்கும். மீட்டரை மெகா ஓம் அளவில் வைத்துக் கழற்றிய கெப்பாசிட்டரைப் பார்த்தேன். நிரம்பி முடித்ததும் எல்லையைத் தாண்டி நின்ற எண், மூச்சு பட்டதும் சில நூறு கிலோ ஓமுக்கு இறங்கியது.

போர்டு ஏன் வளைந்தது? அந்தக் கெப்பாசிட்டர் ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஒரு விரல் அகலம்தான். சத்தம் போகும்போதெல்லாம் வெளி ஸ்பீக்கர் ஒன்றை அந்த ஜாக்கில் செருகித்தான் இந்த வீட்டில் சமாளித்திருக்கிறார்கள். டிவி சுவரோடு ஒட்டி இருக்கிறது, கை நுழைய இடமில்லை, பார்க்காமல் குத்துமதிப்பாகத் தள்ள வேண்டும். அதற்கு முன்பு பேத்தி இராத்திரியில் இயர்ஃபோன் போட்டு நாடகம் பார்ப்பாளாம். ஜாக்கின் பக்கத்துத் திருகு ஒன்றும் இல்லை, எப்போதோ திறந்தவர் திருப்பிப் போடவில்லை போலும். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் அந்த மூலை வளைந்திருக்கிறது. கோளாறைச் சமாளிக்கச் செய்த வேலையே கோளாறை வளர்த்திருக்கிறது என்பதைக் கேட்டதும் அந்த அம்மாவுக்கு வருத்தம். அவர்கள் மேல் தப்பில்லை. ஜாக்கை அப்படி ஓரத்தில் தாங்கல் இல்லாமல் வைத்ததுதான் குறை.

ஈரத்துக்குக் காரணம் தேடவே வேண்டாம். ரங்கூனில் மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மழை, ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல். இந்தச் சுவரின் மறுபக்கம் சமையலறை. விடியற்காலையில் மொஹிங்கா குழம்பு கொதிக்கும்போது ஆவி அந்தச் சுவரில்தான் போய் மோதும். சுவரைத் தொட்டால் கை நனைந்தது. சப்ளை ஓடினாலும் ஸ்டாண்ட்பையில் டிவி சூடாவதில்லை. ராத்திரி முழுக்க ஈரம் குடித்துவிட்டு ஆறு மணிக்கு விழிக்கிறது. கடைகளிலோ மேசை விளக்கும் விசிறியும் சால்டரிங் சூடும் சேர்ந்து எல்லாம் காய்ந்துவிடும். ஊமையாக வந்து சேர்ந்தாலும் அங்கே பேசாமல் என்ன செய்யும்?

சரிசெய்தது

வலது பக்கத்துக் கெப்பாசிட்டர் இரண்டையும் மாற்றினேன். 1 மைக்ரோ, 50 வோல்ட், எக்ஸ்7ஆர் வகை, அதே அளவு. வளைவைத் தாங்கும் முனை வைத்தது கிடைத்தால் இந்த இடத்துக்கு அதுவே நல்லது. ஒன்று மட்டும் மாற்றுவது போதாது, பக்கத்தில் இருந்ததும் அதே வளைவைப் பட்டதுதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் விட்டு பிரஷ்ஷால் அந்தப் பகுதியைக் கழுவினேன். ஒரு மூலையில் பல்லி எச்சம் காய்ந்து கிடந்தது. அது இந்தக் கோளாறுக்குக் காரணம் இல்லை, ஆனாலும் விட்டுவைத்தால் செம்பை அரிக்கும். காய்ந்தபின் அக்ரிலிக் லேக்கர் ஒரு மெல்லிய பூச்சு. சிலர் நகப்பூச்சு அடிக்கிறார்கள், எனக்கு அது பிடிக்காது. நாளடைவில் வெடித்து, ஈரத்தை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். ஜாக்கின் கால்களைத் திரும்பச் சால்டர் செய்து, விட்டுப்போன திருகையும் போட்டேன்.

மாற்றியபின் வலது பக்கத்துச் சாய்வும் இடதைப் போலச் சில மில்லிவோல்ட்டுக்கு இறங்கியது. குழாயில் ஊதினேன், அசையவில்லை. முதுகை மூடாமலே அன்று இரவு அதே சுவர் ஓரம் நிறுத்திவைத்து, மறுநாள் சமையலறையில் ஆவி எழுந்துகொண்டிருக்கும்போது போட்டோம். ‘டொப்’ இல்லாமல் நேராகப் பக்திப் பாடல் வந்தது.

சுவரில் மாட்டும்போது தாங்கிக்கும் சுவருக்கும் நடுவே பிவிசி குழாயை வெட்டிப் போட்டு இரண்டு அங்குலம் தள்ளி நிறுத்தினோம். காற்று போகும், கையும் நுழையும். வெளி ஸ்பீக்கர் வேண்டும் என்றால் டிஷ் பாக்ஸின் பின்னால் உள்ள சத்த வழியிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொன்னேன், டிவி ஜாக்கைத் தொட வேண்டியதில்லை.

மகன் ஒரு கேள்வி கேட்டார்: “தினமும் காலையில டைமர் ப்ளக் வெச்சு ஒரு நிமிஷம் கட் பண்ணா போதும்ல?” போதாது. காலையில் ஈரம் இருக்கும்போதே பூட்டைத் திறந்தால் உடனே மறுபடியும் விழும். ஒவ்வொரு தடவையும் ஸ்பீக்கர் சுருள் ஒரு அடி வாங்கும். ஒழுக்கு கூடிக்கொண்டேதான் போகும். அதோடு, திடீர் திடீரென்று கரண்டை வெட்டுவது சப்ளைக்கும் நல்லதில்லை.

போர்டு மாற்றச் சொன்ன கடையைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் மேசையில் கோளாறு வரவே இல்லை. வராத கோளாறை யாராலும் அளக்க முடியாது. புது போர்டு போட்டிருந்தால் சத்தம் வந்திருக்கும் என்பதும் நிஜம். ஆனால் அந்தப் போர்டிலும் அதே இடத்தில் ஜாக், அதன் பக்கத்தில் அதே கெப்பாசிட்டர், பின்னால் அதே சுவர். இந்த வேலைக்கு ஆன செலவு போர்டு விலையில் சிறு பங்குகூட இல்லை. மழை விடுவதற்கு முன் அந்த வழியாகப் போனபோது ஏறிப் பார்த்தேன். காலை வேளைதான், சுவர் ஈரம்தான், டிவி பேசிக்கொண்டிருந்தது. மாட்டியிருந்த பழைய இன்வர்ட்டரைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம் என்ற பேச்சையும் விட்டுவிட்டார்கள்.